தண்ணிபோல ஒரு சாஸ்

வினிகர் சூடேறும்போது பாத்திரத்துக்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகக் கூடாது. தொண்டையைப் பிடித்துக்கொள்ளும், கண்ணில் நீர் கட்டும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் குனிந்து முகர்கிறேன். ஆப்பிள் சைடர் வினிகரில் மிளகாய்ச் செதிலும் இடித்த மிளகும் ஊறத் தொடங்கும் அந்த முதல் நிமிடத்து வாசனையை விட்டுவிட எனக்கு மனசு வருவதில்லை. கூடத்திலிருந்து மனைவி, "ஏங்க, முதல்ல ஜன்னலைத் திறங்க!" என்று குரல் கொடுப்பாள். திறந்துவிட்டு மறுபடியும் அடுப்பருகே வந்து நின்றுவிடுவேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கேரி என்ற ஊரில். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த மாநிலத்தில் பார்பிக்யூ என்றால் சமைக்கும் முறை இல்லை, அடுப்பும் இல்லை. தட்டில் வந்து விழும் பண்டத்துக்கே அதுதான் பெயர். ஹிக்கரி, ஓக் விறகுத் தணலில் விடிய விடிய வெந்த பன்றிக்கறியைக் கொத்தி, புளிப்பும் காரமுமான ஒரு சாஸைக் கலந்து தருவார்கள். கோழியைச் சுட்டுவிட்டு அதைப் பார்பிக்யூ என்று சொன்னால் பழைய ஆட்கள் மெதுவாகத் திருத்துவார்கள். நான் சொல்ல வந்தது அந்தச் சாஸைப் பற்றி. தண்ணீர் மாதிரி ஓடும். பளிச்சென்ற சிவப்பெல்லாம் கிடையாது, பால் விடாத தேநீரின் நிறம். பாட்டிலைக் குலுக்கினால் மிளகாய்ச் செதில்கள் எழும்பிச் சுழன்று மெல்ல அடியில் படியும். புகையில் வெந்த கறிக்கு இதைவிட நல்ல துணை உலகத்தில் இருக்கிறதா என்று கேட்டால், கிடையாது என்பேன். சத்தியமாகக் கிடையாது!

முதல் இரண்டு வருடம் எனக்கும் இது தெரியாது. சூப்பர்மார்க்கெட்டில் ஓர் அலமாரி முழுக்க அடுக்கியிருக்கும் கெட்டி சாஸைத்தான் வாங்கினேன். தக்காளி, மொலாசஸ் பாகு, பிரவுன் சுகர் சேர்ந்த இனிப்புச் சாஸ். பார்பிக்யூ சாஸ் என்றதும் உலகம் முழுக்க மனதில் வருவது இந்தக் கான்சஸ் சிட்டி பாணிதான். அந்த நகரத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்பிக்யூ வியாபாரத்தைத் தொடங்கிவைத்த ஹென்றி பெர்ரியின் சாஸே கடுங்காரம் என்பார்கள். இனிப்பு ஏறியது பின்னால்தான். நான் வாங்கிய பாட்டிலில் முதல் சரக்கே சோளச் சர்க்கரைப் பாகு. அதை எடுத்துக்கொண்டு, மூடி போட்ட கெட்டில் கரியடுப்பில் பன்றியின் தோள்கறியை வைத்த நேரத்திலிருந்து மணிக்கொரு தரம் பூசினேன். சர்க்கரை சூட்டைத் தாங்காது. தணல் பக்கமிருந்த பாதி, தார் பூசியதுபோல் கறுத்துக் கசந்துவிட்டது. உள்ளே கறி பூவாய் வெந்திருந்தது. ஆனால் வாயில் வைத்தால் கறியும் இல்லை, பத்து மணி நேரம் காத்திருந்து ஏற்றிய புகையும் இல்லை, இனிப்பு மட்டுமே. அந்தத் தோள்கறியை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அடுத்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, அலுவலக நண்பர் ஒருவர் வற்புறுத்தி, கிழக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காரோட்டி எய்டன் என்ற சின்ன ஊருக்குப் போனோம். அங்கேதான் ஸ்கைலைட் இன் இருக்கிறது. பீட் ஜோன்ஸ் 1947-ல் தொடங்கிய கடை. கூரைமேல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தைப் போலவே ஒரு வெள்ளிநிறக் குவிமாடம் கட்டி வைத்திருக்கிறார்கள். பார்பிக்யூவுக்கு இதுதான் தலைநகரம் என்று அர்த்தம்! உள்ளே நுழைந்ததும் காதில் விழுந்த சத்தத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன். டக டக டக டக. மதுரையில் ராத்திரி பத்து மணிக்குத் தெருமுனையில் கேட்கும் கொத்து பரோட்டாத் தாளம் அப்படியே! ஒருவர் இரண்டு கையிலும் கறிவெட்டும் கத்தியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் குழிந்து தேய்ந்த மரக்கட்டைமேல் முழுப்பன்றியின் கறியைக் கொத்திக்கொண்டிருந்தார். தொடை, தோள், வயிறு எல்லாம் ஒன்றாக, மொறுமொறுவென்று பொரிந்த தோலும் சேர்த்து. கொத்தக் கொத்தவே உப்பு, மிளகு, வினிகர், மிளகாய்ச் சாஸ் எல்லாம் மேலே விழுகிறது. சாஸ் தனிக் கிண்ணத்தில் வரவில்லை. கறியோடு கறியாகவே வந்தது. மேலே முட்டைக்கோஸ் ஸ்லா, கூடவே தட்டையான, கனத்த ஒரு துண்டு சோள ரொட்டி. அவ்வளவுதான்.

முதல் வாய். முதலில் புகை, அதன் பின்னால் கொழுப்பின் மெதுமெதுப்பு. ஆஹா என்று நாக்கு சாயும் நேரத்தில் சுரீரென்று புளிப்பு வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போனது. கடைசியில் தொண்டையோரம் மிளகாயின் மெல்லிய சூடு. நடுவில் எங்கோ ஒரு தோல் துண்டு 'கடக்' என்றது. விழுங்கியதும் வாய் சுத்தமாக இருந்தது, அடுத்த வாய்க்குத் தயாராக. எவ்வளவு சாப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. திகட்டவே இல்லை.

அதைத்தான் வீட்டில் பிடிக்க வேண்டும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். கற்றுக்கொடுத்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபதைத் தாண்டியவர், கிழக்குப் பக்கத்துப் புகையிலைக் கிராமமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அறுவடை முடிந்ததும் ஊரே கூடி முழுப்பன்றியைத் தணலில் போட்டு ராத்திரியெல்லாம் விழித்திருக்குமாம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி அவர் சொன்னது இரண்டே விஷயம். சாஸைச் சாப்பிடும்போது ஊற்றாதே, கொத்தும்போது ஊற்று. இன்றைக்குச் செய்த சாஸை இன்றைக்கே தொடாதே.

செய்முறை எளிது. இரண்டு கப் ஆப்பிள் சைடர் வினிகர். பெரியவர் வெள்ளை வினிகர் கட்சி. இரண்டுக்கும் அமிலம் பெரும்பாலும் 5 சதவீதம்தான், ஆனால் வெள்ளை வினிகரின் புளிப்பு ஊசி மாதிரி நேராகக் குத்தும், சைடரில் பழத்தின் வாசம் மிச்சமிருக்கும். எனக்குப் பழவாசம் வேண்டும். அதில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் மிளகாய்ச் செதில், ஒரு டீஸ்பூன் மிளகு. மிளகை அப்போதே இடிக்க வேண்டும், ஒன்றிரண்டாக. பொடியாகப் போனால் சாஸ் கலங்கிச் சேறாகிவிடும். பிறகு ஒரு டேபிள்ஸ்பூன் டெக்சஸ் பீட். பெயரில்தான் டெக்சஸ், சாஸ் இந்த மாநிலத்து வின்ஸ்டன்-சேலம்காரர்களுடையது. கார்னர் குடும்பம் நடத்திய பார்பிக்யூக் கடையில் வாடிக்கையாளர்கள் இன்னும் காரமாக வேண்டும் என்று கேட்டதில் பிறந்த மிளகாய்ச் சாஸ் அது. கடைசியாக ஒரு டேபிள்ஸ்பூன் பிரவுன் சுகர் போடுகிறேன். பெரியவர் போடமாட்டார், நான் போடுவதைப் பார்த்தால் தலையை ஆட்டுவார். இனிப்பு தெரிவதற்காக நான் போடவில்லை, புளிப்பின் முனையைக் கொஞ்சம் மழுக்குவதற்காக.

கொதிக்கவிடக் கூடாது. உப்பும் சர்க்கரையும் கரையும் அளவுக்குச் சூடு போதும். அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, கண்ணாடி ஜாடியில் ஊற்றி மூடி வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நடப்பதை நான் தினமும் ஜாடியைத் தூக்கிப் பார்த்து ரசிக்கிறேன். முதல் நாள் செதில்கள் மேலே மிதக்கும், வினிகர் தன் போக்கில் தனியாக நிற்கும். மூன்றாம் நாள் செதில்கள் ஊறி அடியில் இறங்கும், நிறம் இளஞ்சிவப்பு கலந்த தேன்போல் மாறும். ஒரு வாரம் கழித்து ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் புளிப்பு தனி, காரம் தனி என்று பிரிக்க முடியாது. எல்லாம் கைகோத்துக்கொண்டிருக்கும். ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் கெடாது. எங்கள் வீட்டில் அவ்வளவு நாள் இருந்ததே இல்லை.

இவ்வளவு எளிய ஒன்று ஏன் இவ்வளவு பிரமாதமாக வேலை செய்கிறது? பன்றித் தோளில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் ஏராளம். மெதுவான சூட்டில் மணிக்கணக்காக வேகும்போது அந்தத் திசுவிலுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகிறது. ஆட்டுக்கால் சூப் குடித்தபின் உதடு ஒட்டுமே, அதே பிசுபிசுப்பு. கறியை மென்மையாக்குவதும் அதுதான், மூன்று வாய்க்கு மேல் நாக்கில் படலம் கட்டி ருசியை மறைப்பதும் அதுதான். அந்தக் கனத்தின்மேல் இன்னும் கெட்டியான இனிப்பை ஊற்றினால் பாரத்தோடு பாரம் சேரும். வினிகரின் புளிப்பு அதை வெட்டித் திறக்கிறது. மிளகாயின் காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். கொத்திய கறியில் சாஸ் படும்போது காரம் போய் அந்தக் கொழுப்பில் குடியேறிவிடுகிறது. அதனால்தான் காரம் நாக்கைச் சுடாமல் கறிக்குள்ளிருந்து வருவதுபோல் தோன்றுகிறது. கெட்டி சாஸ் கறியின்மேல் உட்கார்ந்துகொள்கிறது, இது உள்ளே இறங்குகிறது.

என் கெட்டில் அடுப்பில் எட்டு பவுண்டு தோள்கறி போடுவேன். இங்கே அதற்குப் 'பாஸ்டன் பட்' என்று பெயர். உப்பும் மிளகும் மட்டும் தடவி, கரியோடு இரண்டு மூன்று ஹிக்கரிக் கட்டை சேர்த்து, 250 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியே சூட்டை நிறுத்த வேண்டும். காலை ஐந்து மணிக்கு வைத்தால் சாயங்காலம் ஆகும். நடுவில், கறியின் உள்சூடு 160-ஐ ஒட்டி வந்ததும் மேலே ஏறாமல் மணிக்கணக்கில் அடம்பிடிக்கும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி ஆவியாகிக் கறி தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்வதால் வரும் தேக்கம் அது. பதறிப்போய்த் தணலைக் கூட்டக் கூடாது. 200-ஐத் தாண்டி, நடு எலும்பைப் பிடித்து இழுத்தால் சுத்தமாகக் கழன்று கையோடு வந்தால் பதம்.

ஒரு மணி நேரம் சூடு போகாமல் மூடிவைத்த பிறகுதான் எனக்குத் திருவிழா. வெளியே பொருக்கு கன்னங்கரேலென்று இருக்கும். சர்க்கரை படாத, கசப்பே இல்லாத கறுப்பு. விரலால் தட்டினால் ஓடு மாதிரி சத்தம் வரும். உடைத்தால் உள்ளே வெளிர் பழுப்பில் நார் நாராக ஆவி பறக்கும். பொருக்கைத் தனியே எடுத்துப் பொடியாகக் கொத்துவேன். சதையைக் கொஞ்சம் பெரிதாக விட்டு இரண்டையும் கலப்பேன். அப்போது ஜாடியைத் திறந்து, நன்றாகக் குலுக்கி, ஒரு கப் சாஸை மேலே சுற்றி ஊற்ற வேண்டும். கட்டைமேல் குளம் கட்டும் என்று நினைப்பீர்கள். கட்டாது. நாலு கொத்து கொத்துவதற்குள் ஒரு சொட்டுகூட வெளியே நிற்காது, கறி அவ்வளவையும் குடித்துவிடும்! அங்கங்கே சிவப்புச் செதில் மட்டும் ஒட்டிக்கொண்டு மின்னும். எட்டு பவுண்டில் கொழுப்பும் நீரும் எலும்பும் போக, கையில் நிற்பது ஐந்து பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு இந்த ஒரு கப் சரியான அளவு. சூடாக இருக்கும்போதே ஊற்றுவது முக்கியம், ஆறிய கறி இப்படிக் குடிக்காது.

மாநிலத்தின் மேற்குப் பக்கம் போனால் வேறு கதை. லெக்சிங்டன் நகரில் முழுப்பன்றி இல்லை, தோள் மட்டும்தான். அங்கே சாஸுக்குப் பெயர் 'டிப்'. இதே வினிகரில் கொஞ்சம் கெட்சப் சேரும், ஸ்லாவிலும் மயோனைஸ் போய் அதே டிப் வந்து சிவந்திருக்கும். அந்தக் கொஞ்சம் கெட்சப்பை வைத்துக் கிழக்கும் மேற்கும் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். 1962-ல் வெய்ன் மங்க் தொடங்கிய லெக்சிங்டன் பார்பிக்யூவில் சாப்பிட்டுவிட்டு வந்து நானும் இரண்டு கப் வினிகருக்கு அரை கப் கெட்சப் சேர்த்துச் செய்து பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது. என் கட்சி கிழக்குதான்.

எல்லா இறைச்சிக்கும் இதே சாஸா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை. சாஸைத் தேர்ந்தெடுக்கும்போது பாட்டிலைப் பார்க்காதீர்கள், கறியைப் பாருங்கள். அதில் என்ன மிகுதி, என்ன குறை? கொழுப்பு மிகுந்த பன்றிக்குப் புளிப்பு. டெக்சஸ் பாணியில் ஓக் புகையில் வேகும் மாட்டு பிரிஸ்கெட்டுக்கு, நல்லதாக அமைந்துவிட்டால், ஒன்றுமே வேண்டாம். லாக்கார்ட் ஊரின் கிரூஸ் மார்க்கெட் பல காலம் சாஸே வைக்காமல் வியாபாரம் செய்த கடை! பக்கத்துத் தென் கரோலினாவில் கடுகுச் சாஸ் ஊற்றுகிறார்கள், மஞ்சளாக, மூக்கில் ஏறும்படி. குடியேறிய ஜெர்மானியர்கள் கொண்டுவந்த பழக்கம் என்பார்கள். அதை நான் சாசேஜுக்கு வைத்துக்கொள்கிறேன். கெட்டி இனிப்புச் சாஸையும் வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. விலா எலும்புக்கு அது ஜோர். ஆனால் கால் பங்கு வினிகர் விட்டு நெகிழ்த்தி, கடைசி இருபது நிமிடத்தில் மட்டும் பூசுவேன். பளபளவென்று பிடிக்கும், கருகாது.

கோழிக்கு மட்டும் ஒரு வெள்ளைச் சாஸ் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். அலபாமா மாநிலத்து டெக்கேட்டர் நகரில் 1925 வாக்கில் ரயில்வே வேலைக்காரர் பிக் பாப் கிப்சன் தன் வீட்டுக் கொல்லைக் குழியில் பார்பிக்யூ போட ஆரம்பித்தார். மயோனைஸ், வினிகர், நிறைய மிளகு சேர்ந்த அவருடைய வெள்ளைச் சாஸுக்குள் புகையில் வெந்த முழுக்கோழியை அப்படியே முக்கி எடுப்பார்களாம். மயோனைஸா என்று முகம் சுளிக்காதீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கோழியின் நெஞ்சுச் சதையில் கொழுப்பு குறைவு, புகையில் வறண்டுவிடும். வறண்ட கறிக்கு எண்ணெயும் முட்டையும் புளிப்பும் சேர்ந்த மயோனைஸைவிடப் பொருத்தமானது எது? ஒரு கப் மயோனைஸ், கால் கப்புக்கு மேலே வினிகர், அரை எலுமிச்சை, ஒரு டேபிள்ஸ்பூன் இடித்த மிளகு, உப்பு. பால்போல் ஓட வேண்டும். சூடான கோழியை முக்கினால் சாஸ் மெல்லிய தோலாகப் படிந்து, மிளகு புள்ளி புள்ளியாகத் தெரியும். என் மனைவி பன்றி சாப்பிடமாட்டாள். அவளுக்காகச் செய்த இந்தக் கோழிக்கு இப்போது எங்கள் தெருவில் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது.

செய்ய நேரமில்லை, கடையில் வாங்குவோம் என்பவர்கள் பாட்டிலைத் திருப்பிச் சரக்குப் பட்டியலின் முதல் சொல்லைப் படியுங்கள். சர்க்கரையோ பாகோ என்றால் விலாவுக்கு. வினிகர் என்றால் தோளுக்கு. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றால் கோல்ட்ஸ்பரோ ஊரின் ஸ்காட்ஸ் சாஸ். ஆடம் ஸ்காட் என்ற கறுப்பினச் சமையல்காரரில் தொடங்கும் பெயர் அது. செய்முறை அவருக்குக் கனவில் வந்தது என்பது அந்த ஊர்க் கதை. வினிகர், தண்ணீர், உப்பு, மிளகாய், மசாலா. அதைப் படிக்கும்போதே எனக்கு வாயூறும். தெற்கத்திய பார்பிக்யூவின் பெரும்பகுதி, ராத்திரியெல்லாம் குழியோரம் நின்ற கறுப்பினச் சமையல்காரர்களின் கைவண்ணம். இப்போது அந்தப் பெயரெல்லாம் மேடையேறுவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். தென் கரோலினாவின் ரோட்னி ஸ்காட் 2018-ல் ஜேம்ஸ் பியர்டு சமையல் விருது வாங்கினார். அவர் முழுப்பன்றிமேல் துடைப்பம் மாதிரித் துணிக்கட்டால் தடவுவதும் இதே வினிகர், மிளகு, மிளகாய்தான்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரு ஜாடி சாஸும் ஒரு பொட்டலம் கறியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குலுக்கினார். செதில்கள் இறங்கும்வரை பேசவில்லை. விரலில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, சர்க்கரை கொஞ்சம் அதிகம் என்றார். எப்போதும் சொல்வதுதான். மூன்றாம் நாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது பார்த்தால், எங்கள் வாசல்படியில் அந்த ஜாடி. சுத்தமாகக் கழுவித் துடைத்து, மூடியைப் பக்கத்தில் கழற்றி வைத்திருந்தார். உள்ளே ஒரு சின்னக் காகிதப் பை நிறைய மிளகாய்ச் செதில், அவர் தோட்டத்து மிளகாய்.